மூணு மாமனும் கொதிக்கிற காரும்

ஈச்சனூரில் புத்திசாலிகளே பிறக்கவில்லை என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். பிறந்தார்கள். ஆனால் பிறந்ததெல்லாம் பெண்பிள்ளைகளாய்ப் பிறந்து, கலியாணமாகி, அசலூருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களை வைத்துத்தான் ஊர் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படி அசலூருக்குப் போன புத்திசாலிகளில் ஒருத்தி பஞ்சவர்ணம். அவள் விட்டுவிட்டுப் போன மிச்சம் அவளுடைய மூன்று அண்ணன்மார். மூத்தவன் சேவுகன். வயது நாற்பத்தேழு, எடை தொண்ணூறு கிலோ, மனசு மட்டும் இலவம்பஞ்சு. நடுவன் பூமிநாதன், எதற்கும் ஒரு நியாயம் வைத்திருப்பான். இளையவன் வெள்ளைக்கண்ணு, அந்த நியாயத்தைக் கேட்டு முடிப்பதற்குள் காரியத்தைச் செய்து முடித்துவிடுவான். மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு நல்ல குணம் உண்டு. பெரியவர்கள், தெரிந்தவர்கள் சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் செய்வார்கள். எல்லாக் கோளாறும் அதனால்தான் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பஞ்சவர்ணத்தின் மூத்த பெண்ணுக்குக் காது குத்து வைத்தார்கள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். ஐப்பசி மாதம், நல்ல அடைமழை. "மழை விட்டதும் கிளம்பி வாங்கண்ணே" என்று பஞ்சவர்ணம் போனில் சொன்னாள். மழை விட்டது, கிளம்பினார்கள். தெருமுனைக்குப் போவதற்குள் மறுபடியும் தூறியது. "மழை விட்டதும்தானே வரச் சொன்னா? இப்ப விடலையே" என்றான் பூமிநாதன். திரும்பி வந்துவிட்டார்கள். இப்படிப் பதினோரு தடவை கிளம்பி, பதினோரு தடவை திரும்பி வந்தார்கள். அங்கே அந்தப் பிள்ளையைப் பஞ்சவர்ணத்தின் கொழுந்தன் மடியில் உட்கார வைத்துக் காதைக் குத்தினார்கள். "தாய்மாமன் இல்லாத பிள்ளை போல" என்று கூட்டத்தில் யாரோ ஒரு வார்த்தை விட்டார்கள். பஞ்சவர்ணம் அதோடு இரண்டு வருஷம் பிறந்த வீட்டோடு பேசவில்லை.

மற்ற இரண்டு பேரும் அதை ஒரு மாதிரி மறந்துவிட்டார்கள். சேவுகனால் முடியவில்லை. அம்மா செத்தபோது பஞ்சவர்ணத்துக்கு நாலு வயசு. அவளுக்குச் சடை பின்னி விட்டது, பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது, அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையால் விசிறியது, எல்லாம் அவன்தான். அவள் பேசாத அந்த இரண்டு வருஷமும் அவனுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. எடை மட்டும் ஏனோ குறையவில்லை.

இப்போது அவளுக்கு ஒரு பையன் பிறந்து ஒரு வயசாகிவிட்டது. ஒரு நாள் அவளே போன் செய்தாள்.

"பெரியண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை சின்னவனுக்குக் காது குத்து. மேலக்காட்டுக் கருப்பர் கோயில்ல. பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும். அதுக்குள்ள நீ வந்து மடியில வச்சுக்கணும். வரலைன்னா கொழுந்தன் மடிதான். அதுக்கப்புறம் எனக்கு அண்ணன் தம்பின்னு யாரும் கிடையாது, சொல்லிப்புட்டேன்."

சேவுகன் போனை வைத்துவிட்டு ஒரு மூச்சு அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு தவிட்டு மூட்டையை எடுத்து மடியில் வைத்துப் பழக ஆரம்பித்தான். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். மூட்டை ஒரு நாளும் அழவில்லை. நமக்கு நல்ல கைராசி என்று அவனுக்குத் தெம்பு வந்தது.

போவதற்குக் கார் இருந்தது. கோத்தகிரியில் யாரோ எஸ்டேட் மேனேஜர் வைத்திருந்த வண்டி. சேவுகனைவிட நாலு வயசு இளையது, ஆனால் பார்த்தால் அப்படித் தெரியாது. மேடு ஏறும்போது முனகும், பள்ளம் இறங்கும்போது இருமும். மற்றபடி சொன்ன பேச்சைக் கேட்கும். அந்த வீட்டுக்கு ஏற்ற வண்டிதான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சீர்வரிசையெல்லாம் ஏற்றியாகிவிட்டது. தட்டில் பட்டுச் சட்டை, வெல்லம், பழம், சந்தனம். பின்பக்கம் பதினைந்து லிட்டர் நல்லெண்ணெய் டின். அப்போது வெள்ளைக்கண்ணு டவுனில் அடித்துக்கொண்டு வந்த பிளக்ஸ் பேனரை விரித்தான். "தங்க மருமகனின் தாய்மாமன்கள் வருகிறார்கள்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே மூன்று பேருடைய முகமும் ஆளுக்கொரு முறம் அளவுக்கு இருந்தது. போன தடவை மாமன் வரவில்லை என்றுதானே பேசினார்கள்? இந்தத் தடவை ஒரு பர்லாங்குக்கு முன்னாலேயே தெரியட்டும் என்று அவனுக்கு வைராக்கியம். பேனரைக் காரின் முன்மூஞ்சியை மூடி, இந்த விளக்கிலிருந்து அந்த விளக்கு வரைக்கும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினான்.

"காத்துக்குப் பறந்துராதுல்ல?" என்றான் சேவுகன்.

"காத்தா? ஒரு பொட்டுக் காத்து உள்ள போகாதுண்ணே" என்றான் வெள்ளைக்கண்ணு பெருமையாக.

கார் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே கதையை மூடி வைத்துவிட்டுப் போய் காபி குடிக்கலாம். ஈச்சனூர்க்காரர்கள் ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். போக வேண்டியது இருபத்திரண்டு கிலோமீட்டர். பூமிநாதன் ஓட்டினான், சேவுகன் பக்கத்தில் தவிட்டு மூட்டை இல்லாத மடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நாலாவது கிலோமீட்டரில் வெயில் ஏறியது. ஆறாவது கிலோமீட்டரில் பானெட்டின் இடுக்கிலிருந்து புகை மாதிரி ஒன்று வந்தது. வண்டியில் ஒரு சூடு காட்டும் ஊசி உண்டு. அது எழுந்து போய்ச் சிவப்புக் கோட்டின் மேல் படுத்துக்கொண்டது.

சேவுகன் உடனே மெக்கானிக் ஜபருல்லா பாய்க்குப் போன் போட்டான். பாய் நல்ல மனுஷர். முப்பது வருஷமாக அந்தச் சுற்றுவட்டாரத்தில் வண்டி பார்க்கிறார். அன்றைக்கு அவர் டவுனில் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார்.

"பாய், கார் கொதிக்குது."

"ஊசி எங்க நிக்குது?"

"சிவப்புல."

"அய்யய்யோ, ஊசி சிவப்பைத் தொடவே கூடாது சேவுகண்ணே! தொட்டா ஓட்டவே ஓட்டாதீங்க. இன்ஜின் போயிரும்."

வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு மூன்று பேரும் யோசித்தார்கள்.

"ஊசி சிவப்பைத் தொடக் கூடாது" என்றான் சேவுகன்.

"ஊசிய நம்ம புடிச்சு நிறுத்த முடியாது, அது உசிரோட்டம் உள்ளது" என்றான் பூமிநாதன். "அப்ப மிச்சம் இருக்கறது சிவப்புதான்."

இவன் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக்கண்ணு பேனாக்கத்தியால் அந்தக் கண்ணாடியைக் கிளப்பி, சீர்த்தட்டிலிருந்து சந்தனத்தைக் குழைத்துச் சிவப்புக் கோட்டின் மேல் பூசிவிட்டான். மங்களகரமாக இருந்தது. கிளம்பினார்கள். ஊசி மறுபடி எழுந்து போய்ச் சந்தனத்தைத் தொட்டது.

"இப்ப எதைத் தொடுது?" என்று சேவுகன் கேட்டான்.

"சந்தனத்தைத்தான் தொடுது. தாராளமா தொடட்டும்" என்றான் பூமிநாதன்.

பத்தாவது கிலோமீட்டரில் வண்டி பொங்கல் பானை மாதிரிப் பொங்கியது. வெள்ளை வெள்ளையாய் ஆவி வந்தது. எதிரே சைக்கிளில் வந்தவர் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வயலுக்குள் போய்விட்டார். மணி எட்டரை. சேவுகன் மறுபடி போன் போட்டான்.

"ரேடியேட்டர்ல தண்ணி இருக்கான்னு பாருங்க" என்றார் பாய். "ஆனா ஒண்ணு, சூடா இருக்கறப்ப மூடியத் திறந்துராதீங்க. மூஞ்சி வெந்துரும்."

இது கொஞ்சம் சிக்கலான உத்தரவு. தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மூடியைத் திறக்கவும் கூடாது. மூன்று பேரும் சாலையோரத்தில் குந்திக்கொண்டு விவாதித்தார்கள்.

"திறக்காம எப்படிடா பார்க்கறது?" என்றான் சேவுகன்.

"ஏண்ணே, சந்தையில தேங்காய்க்குள்ள தண்ணி இருக்கான்னு உடைச்சா பார்க்கறோம்?" என்றான் பூமிநாதன்.

மற்ற இருவரும் அவனை மரியாதையோடு பார்த்தார்கள். இப்படி ஒரு மூளையை வைத்துக்கொண்டு இவன் ஈச்சனூரில் இருக்கிறானே என்று சேவுகனுக்கு வருத்தமாகக்கூட இருந்தது. பூமிநாதனும் வெள்ளைக்கண்ணும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் காரை ஆட்டினார்கள். சேவுகன் பின்பக்கத்தில் காதை ஒட்டிவைத்துக் கேட்டான். முன்பக்கம் சூடாக இருந்ததால் அங்கே காது வைக்க முடியவில்லை.

"தளும்புதுடா! நல்லாத் தளும்புது!"

தளும்பியது நல்லெண்ணெய் டின்.

"தண்ணி நெறைய இருக்கு பாய்" என்று போனில் சொன்னான்.

"நெறைய இருக்கா?" பாய் யோசித்தார். தண்ணீர் இருந்தும் கொதிக்கிறது என்றால் வேறு கோளாறு. "சரி, ஃபேன் பெல்ட்டைப் பாருங்க."

பானெட்டைத் தூக்கி மூன்று பேரும் ஃபேன் பெல்ட்டைப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கண் இமைக்காமல் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒருவர் மட்டும் பார்த்தால் போதாதோ என்று முறை வைத்தும் பார்த்தார்கள்.

"பார்த்தாச்சு பாய். இன்னும் எவ்வளவு நேரம் பார்க்கணும்?"

போனுக்குள் ஒரு பெருமூச்சு கேட்டது. "அறுந்திருக்கா?"

"இல்ல, சுத்தி வந்து ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்ப அது நல்லாருக்கு. வண்டிக்கு முன்னாடி காத்து போற வழியில ஏதாச்சும் அடைச்சிருக்கா? சருகு, குப்பை, துணி, அந்த மாதிரி?"

சேவுகன் முன்பக்கம் போய் நின்று நிதானமாகப் பார்த்தான். பேனரில் அவனே அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"குப்பையெல்லாம் ஒண்ணும் இல்ல பாய். நாங்க மூணு பேரும்தான் இருக்கோம்."

"நீங்க இருந்தா என்ன, நீங்க பாட்டுக்கு இருங்க" என்றார் பாய். பாவம், அவருக்கு மேலே லாரியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. "சரி, அது கோத்தகிரி வண்டிதானே? குளிருக்கு ஹீட்டர் வச்சிருப்பாங்க. அதைப் போட்டு விடுங்க. இன்ஜின் சூட்டை அது வண்டிக்குள்ள இழுத்துக்கும். இன்ஜினுக்குக் கொஞ்சம் ஆசுவாசமா இருக்கும்."

இது உண்மையிலேயே நல்ல யோசனை. வண்டி கொஞ்சம் ஆறியதும் கிளப்பி ஹீட்டரைப் போட்டார்கள். வைகாசி வெயில், மூன்று பேர் உடம்பிலும் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. உள்ளே சூடு புஸ்ஸென்று வந்தது. வெள்ளைக்கண்ணு ஜன்னல் கண்ணாடியை இறக்கப் போனான்.

"டேய் டேய், ஏத்துடா மேல!" என்று பூமிநாதன் கத்தினான். "பாடுபட்டு உள்ள இழுத்த சூட்டை வெளிய விட்டா, அது சும்மா போகுமா? திரும்ப முன்னாடி போய் இன்ஜின்ல ஏறிக்கும்."

அதுவும் நியாயம்தான். நாலு கண்ணாடியையும் ஏற்றி, இடுக்கில் துண்டைச் செருகினார்கள். அடுத்த ஐந்து கிலோமீட்டர் அவர்கள் போன போக்கைப் பற்றி எதிரே வந்த பஸ்காரர்கள் பல நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். வெல்லம் தட்டில் உருகி ஓடியது. வெள்ளைக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு சாமி பெயரைச் சொன்னான். சேவுகனுக்குக் கண்ணிலிருந்து வருவது வேர்வையா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை. பத்தரை, பத்தரை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்நேரம் கொழுந்தன் சம்மணம் போட்டிருப்பானோ?

பதினைந்தாவது கிலோமீட்டரில் கார் தானாகவே நின்றுவிட்டது. மணி ஒன்பதே முக்கால். அங்கே பனைமரத்தடியில் ஒரு அம்மா நுங்கு வெட்டி விற்றுக்கொண்டிருந்தது. கதவைத் திறந்துகொண்டு வேகவைத்த பனங்கிழங்கு மாதிரி மூன்று பேர் இறங்கி வந்ததைப் பார்த்து, எதுவும் கேட்காமல் ஆளுக்கு ஆறு நுங்கு கையில் கொடுத்தது.

"ஏஞ்சாமி," என்றது அந்த அம்மா, காரைப் பார்த்துக்கொண்டே, "மனுசனுக்கே மூச்சு முட்டுற வெயிலு. அதும் மூஞ்சியப் போயி இப்படிக் கம்பளி போத்துன மாதிரிக் கட்டி வச்சிருக்கீங்களே?"

"அது கம்பளி இல்லம்மா, பிளக்ஸ்" என்று பூமிநாதன் விளக்கினான். "தாய்மாமன்கள் வாறோம்னு சனங்களுக்குத் தெரியணும்ல?"

"நல்லாத் தெரியுது" என்றது அந்த அம்மா. திரும்பி அடுத்த நுங்கை வெட்டப் போனது. நுங்கு வெட்டுகிறவர்களுக்கு அரிவாள் மேல் கவனம் வேண்டும்.

அப்போதுதான் வெள்ளைக்கண்ணு ஒரு அலறல் அலறினான். "அண்ணே! உன் மூஞ்சி!"

நடுவில் இருந்த சேவுகனின் பேனர் முகம் ஆவி பட்டுச் சுருங்கி, மீசை தாடை வரைக்கும் இறங்கிவிட்டிருந்தது. ஒரு கண்ணைக் காணோம். பார்த்ததும் சேவுகன் தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"பெரியண்ணன் மூஞ்சி இப்படி வெந்து போறதைப் பார்த்துட்டு நம்ம சும்மா இருக்கறதா?" என்று தம்பிகள் இரண்டு பேரும் கயிற்றை அறுத்துப் பேனரை அவிழ்த்து, பின்சீட்டில் மெதுவாகப் படுக்க வைத்தார்கள். வெள்ளைக்கண்ணு அதற்குத் துண்டால் கொஞ்ச நேரம் விசிறினான்.

நுங்குக்கார அம்மா எழுந்து வந்து, முந்தானையைச் சுருட்டி ரேடியேட்டர் மூடி மேல் கை வைத்துப் பார்த்தது. ஆறியிருந்தது. திறந்து, ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, மூடிவிட்டுப் போய் மறுபடி நுங்கு வெட்ட உட்கார்ந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் பேனருக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள்.

வண்டியைக் கிளப்பினார்கள். ஊசி எழுந்தது, பாதி தூரம் வந்தது, அங்கேயே நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அசையவில்லை.

"பாய்! வண்டி சரியாப் போச்சு பாய்!" சேவுகன் போனில் கத்தினான். "ஊசி நடுவுல நிக்குது!"

"அல்ஹம்துலில்லாஹ்! என்ன பண்ணீங்க?"

"ஆளுக்கு ஆறு நுங்கு சாப்பிட்டோம் பாய்."

லாரிக்கு அடியில் ஸ்பானர் கீழே விழும் சத்தம் போனில் கேட்டது. கடைசியில் பாய் சொன்னார், "நல்லது சேவுகண்ணே. இனிமே வழியில எங்கயும் நிறுத்தாதீங்க. ஓட ஓடக் காத்து அடிக்கும், சூடு ஏறாது. போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்க. நான் சொன்னப்புறம் ஆஃப் பண்ணுங்க."

ஆளுக்கு இன்னும் இரண்டு நுங்கை மடியில் போட்டுக்கொண்டு பறந்தார்கள். பத்தே காலுக்குக் கருப்பர் கோயில் கண்ணுக்குத் தெரிந்தது. மேளம் கேட்டது. பந்தலுக்கு நடுவே பலகை போட்டிருந்தது. அதில் கொழுந்தன் ஏற்கனவே உட்கார்ந்து மடியைத் தட்டித் தயார் பண்ணிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இடுப்பில் பிள்ளையோடு பஞ்சவர்ணம் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். காரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

கார் பந்தலைத் தாண்டிப் போயிற்று.

"டேய், நிறுத்துடா!" என்றான் சேவுகன்.

"எப்படிண்ணே நிறுத்தறது? பாய் சொல்லணும்ல?"

"போய்ச் சேர்ந்ததும் போன் போடச் சொன்னார். போட்டுருவோம்."

"அங்கதான் இடிக்குது" என்றான் பூமிநாதன், ஸ்டீரிங்கைத் திருப்பிக்கொண்டே. கோயிலைச் சுற்றி வண்டித்தடம் ஒன்று இருந்தது. "போய்ச் சேர்ந்தாத்தான் போன் போடணும். நிறுத்தினாத்தானே போய்ச் சேர்ந்ததாக் கணக்கு? நிறுத்தணும்னா பாய் சொல்லணும். பாய் சொல்லணும்னா போன் போடணும். போன் போடணும்னா போய்ச் சேரணும்."

மூன்று பேரும் இதை யோசித்து முடிப்பதற்குள் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிப் பந்தல் மறுபடி வந்துவிட்டது. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. தாய்மாமன்கள் ஏதோ வேண்டுதல் செலுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டது. மேளக்காரர் அதற்குத் தகுந்த மாதிரி அடியை மாற்றினார்.

இரண்டாவது சுற்றில் சேவுகன் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, போய்ச் சேராமலேயே பாய்க்குப் போன் போட்டான். அடித்தது, எடுக்கவில்லை. பாய் லாரிக்கடியிலிருந்து எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

மூன்றாவது சுற்றில் பஞ்சவர்ணம் பிள்ளையோடு காருக்குப் பக்கத்திலேயே ஓடி வந்தாள்.

"ஏண்ணே, நிறுத்தித் தொலைங்களேன்! மணி பத்து இருபது!"

"பாய் சொல்லணும் தாயி!" சேவுகன் ஜன்னல் வழியாகக் கையைக் கூப்பினான். அவன் கன்னத்தில் நீர் ஓடியது. "நான் வந்துட்டேன் தாயி, பாரு, நான் வந்துட்டேன்! நிக்கத்தான் முடியல!"

பஞ்சவர்ணம் இந்த அண்ணன்மாரோடு இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள். இதற்கு மேல் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கார் எப்படியும் நடை வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. கதவைத் திறந்து பிள்ளையோடு பின்பக்கம் ஏறினாள்.

"எங்க மூஞ்சி மேல உக்காந்துறாத அக்கா... தங்கச்சி!" என்று பதற்றத்தில் உளறினான் வெள்ளைக்கண்ணு.

அவள் அந்த மூன்று முகங்களின் மேலேயே உட்கார்ந்து, பந்தலைப் பார்த்துக் கத்தினாள். "ஆசாரியாரே! பெட்டியத் தூக்கிட்டு ஓடியாங்க!"

பொன்னாசாரி அறுபது வயசுக்காரர். ஆயிரம் காது குத்தியிருப்பார், ஓடும் காரில் குத்தியதில்லை. ஆனால் அவரும் தொழில்காரர், ராகு காலத்துக்கு அவரும் பயப்படுவார். ஓடி வந்து ஏறினார். சேவுகன் முன்சீட்டிலிருந்து பின்னால் தாவி வந்து, மடியை விரித்தான். பஞ்சவர்ணம் பிள்ளையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். தவிட்டு மூட்டை மாதிரி இல்லை. சுடச்சுட இருந்தது, நெளிந்தது, அவன் மீசையைப் பிடித்து இழுத்தது. சேவுகனுக்கு இனிமேல் செத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

"மாமனே, குனிஞ்சு புள்ளை தலையக் கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்றார் ஆசாரி. "அசையக் கூடாது, சத்தம் போடக் கூடாது. நான் முடிஞ்சுதுன்னு சொல்ற வரைக்கும்."

வலது காதைக் குத்தினார். பிள்ளை வீலென்று கத்தியது. கூட்டம் குலவை போட்டது. ஆசாரி அடுத்த கம்பியை எடுத்து, இடது காதைக் குறி பார்த்து, கையை ஓங்கினார். அந்த நேரம் பார்த்துக் கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கம்பி ஒரு காதில் சரியாக இறங்கியது. பிள்ளை காதில்லை.

சேவுகன் அசையவில்லை. சத்தம் போடவில்லை. ஆசாரி இன்னும் முடிந்தது என்று சொல்லவில்லையே. கண்ணிலிருந்து மட்டும் பொலபொலவென்று கொட்டியது. பாசத்தில் அழுகிறான் என்று நினைத்துப் பஞ்சவர்ணமும் அழுதாள். ஆசாரி வாயைத் திறக்காமல் மூன்றாவது கம்பியை எடுத்துப் பிள்ளையின் இடது காதையும் குத்தினார். மணி பத்து இருபத்தெட்டு.

பதினேழாவது சுற்றில் பாய் போனை எடுத்தார்.

"பாய், கோயிலைச் சுத்திக்கிட்டே இருக்கோம். நிறுத்தலாமா?"

"எத்தனாவது சுத்து?"

"பதினேழு."

"நல்லா வேண்டிக்கிட்டு நிறுத்துங்க" என்றார் பாய்.

நிறுத்தினார்கள். கொழுந்தன் பலகையிலிருந்து எழுந்து வந்து சேவுகனைக் கட்டிக்கொண்டான். மாமன் வந்துவிட்டான் என்று ஊரே பேசியது. பஞ்சவர்ணம் சேவுகன் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பொறந்த வீடு இருக்குண்ணே" என்றாள். இலை போட்டாயிற்று, சோறு பரிமாறப் போனார்கள். அப்போதுதான் பூமிநாதன் பெரியண்ணன் காதில் கம்பி மின்னுவதைப் பார்த்தான்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! யாரும் சாப்பிடக் கூடாது. காது குத்து இன்னும் முடியல."

"முடிஞ்சுதேப்பா" என்றார் ஆசாரி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"மொத்தம் மூணு காது குத்தியிருக்கீங்க. மூணுல எந்த நல்ல காரியத்தையாவது நிறுத்துவாங்களா? அண்ணனுக்கு இன்னொரு காது பாக்கி."

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அரைகுறையாய் நிறுத்தினால் குலசாமி கோபித்துக்கொள்ளும் என்று ஒருவர் சொன்னார். சேவுகனும் தலையாட்டினான். தங்கச்சி வீட்டு விசேஷத்தில் குறை வைக்க அவனுக்கு மனசில்லை.

"சரி, குத்திரலாம்" என்று ஆசாரி பெட்டியைத் திறந்தார்.

"இருங்க. யாரு மடியில?" என்றான் பூமிநாதன்.

நியாயமான கேள்வி. காது குத்தினால் தாய்மாமன் மடி வேண்டுமே. சேவுகனுக்குத் தாய்மாமன் உண்டு. பக்கத்து ஊர் ராக்கப்பன், வயது எழுபத்தொன்பது, மாத்திரை டப்பாவோடுதான் தூங்குவார். ஆள் அனுப்பினார்கள். ராகு காலம் முடிந்து பன்னிரண்டரைக்கு அவர் கைத்தடியோடு வந்து சேர்ந்தார். இருநூறு பேர் இலைக்கு முன்னால் பசியோடு காத்திருந்தார்கள்.

ராக்கப்பன் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு, தொடையைத் தட்டினார். "வாடா மருமகனே."

சேவுகன் போய் உட்கார்ந்தான். பலகை முனகியது. ராக்கப்பனைக் காணோம்.

"அழக் கூடாது, என்ன?" என்று பஞ்சவர்ணம் அண்ணன் வாயில் ஒரு கை சர்க்கரையைப் போட்டாள். மேளக்காரர் அடித்தார், பெண்கள் குலவை போட்டார்கள், ஆசாரி கம்பியைத் தூக்கினார். சேவுகனுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய குரல் மட்டும் வந்தது.

"புள்ளை நல்லா சதை போட்டிருக்கான். வீட்டுக்குப் போனதும் சுத்திப் போடுங்க."